பதிவில் இல்லாத ஓட்டம்

என் வேலை என்ன என்பதை வீட்டில் யாருக்கும் ஒழுங்காக விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. ஒரு நிறுவனம் தான் செய்கிற வேலையைச் சரியாகச் செய்கிறதா, இன்னும் நன்றாகச் செய்ய என்ன வழி என்று ஆராய்ந்து அறிக்கை எழுதித் தர வேண்டும். மதிப்பீடு என்பார்கள். சேலம் கோட்டைப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த என் அத்தா, சொந்தக்காரர்கள் கேட்டால், "எம் பொண்ணு ஆடிட்டர் மாதிரி, ஆனா ஆடிட்டர் இல்ல" என்று சொல்லி முடித்துக்கொள்வார். கிராமங்களில் நான் கணக்கெடுக்க வந்த அம்மா. ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர்களின் பிள்ளைகளுக்கான காப்பகம், சங்ககிரியில் லாரி டிரைவர்களுக்கான கண் பரிசோதனை முகாம் என்று பதினைந்து வருடங்களில் எத்தனையோ இடங்களுக்கு அறிக்கை எழுதியிருக்கிறேன். பலவற்றில் என்ன எழுதினேன் என்பதே இப்போது நினைவில்லை. ஒரு அறிக்கையின் ஒரு வரி மட்டும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

ராசிபுரம் பக்கம் ஒரு அறக்கட்டளை. லாரியும் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியும் ஓட்டி மேலே வந்த சில விவசாயக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தியது. செயலாளருக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய தம்பி நெடுஞ்சாலையில் அடிபட்டு, தூக்கிப்போக வண்டி வராமல், ரோட்டோரத்திலேயே உயிர்விட்டவர். அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் இது. மூன்று ஆம்புலன்ஸ்கள் வைத்திருந்தார்கள். இரண்டு ராசிபுரத்தில் நிற்கும், ஒன்று நாமகிரிப்பேட்டையில். அரசு வண்டி வேறு நோயாளியை ஏற்றிக்கொண்டு போயிருக்கும் நேரத்தில் ஜனங்கள் இவர்களைக் கூப்பிடுவார்கள். காசு வாங்குவதில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு நிறுவனம் இவர்களுக்கு உதவ முன்வந்தது. அதற்கு முன் ஒரு மதிப்பீடு வேண்டும் என்று கேட்டது. அப்படித்தான் நான் போனேன். முதல் நாள் செயலாளர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "அவங்க கேக்கறாங்கன்னு மட்டும் இல்லீங்க அம்மணி. நாங்க ஓடற ஓட்டம் ஒழுங்கான ஓட்டந்தானான்னு எங்களுக்கே தெரியோணும். நல்லா இல்லீன்னா நல்லா இல்லீன்னே எழுதுங்க. வருத்தப்பட மாட்டோம்."

பாராட்டி எழுதச் சொல்கிறவர்களையே பார்த்துச் சலித்திருந்த எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

மூன்று மாதம் வேலை செய்தேன். ராசிபுரம் அலுவலகத்தில் அழைப்புப் பதிவேடு இருந்தது. போன் வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு எண். இரண்டு வருடத்துப் பக்கங்களையும் கணினியில் ஏற்றினேன். ஒவ்வொரு அழைப்பையும் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாக வைத்தேன். நெடுஞ்சாலை நெடுகப் புள்ளிகள் அப்பிக்கொண்டு நின்றன. நாமகிரிப்பேட்டையைத் தாண்டி மலையடிவாரத்துப் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அந்த வண்டி பாதி நாட்கள் ஒரு அழைப்பும் இல்லாமல் சும்மா நின்றிருப்பதாகப் பதிவேடு சொன்னது.

அந்த வண்டியின் டிரைவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இருபது வருடம் ரிக் வண்டி ஓட்டி, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு, முதுகுவலி வந்து ஊரோடு தங்கியவர். மஞ்சள் மண்டிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வண்டி நிற்கும். அதற்குப் பின் தெருவில் அவர் வீடு. நான் அவரோடு வண்டியில் நாலைந்து முறை போயிருக்கிறேன். நோயாளியை ஏற்றும்போது அவர் பேச்சே மாறிவிடும். "சாமி, கண்ண மூடாதீங்க சாமி, எம் மொகத்தப் பாருங்க" என்று பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொல்வார். கிழவராக இருந்தாலும் சாமிதான், கைக்குழந்தையாக இருந்தாலும் சாமிதான்.

ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டேன்: "இந்தப் பக்கம் போன் கால் ரொம்பக் கம்மியா இருக்கேண்ணா?"

"போன் பண்றவங்கதானுங்க கம்மி. கரட்டோரத்து, மலையடி ஆளுங்க போனெல்லாம் பண்ண மாட்டாங்க அம்மணி. நேரா எங்கூட்டுக்கே வந்துருவாங்க. வண்டி இங்கதான் நிக்கும்னு எல்லாருக்கும் தெரியுமில்லீங்க."

"அதையெல்லாம் எழுதி வைக்கறதில்லையா?"

"எழுதோணும்னா ஆபீஸ்ல நம்பர் குடுக்கோணும். ஆளு வாசல்ல துடிச்சுட்டுக் கெடக்கறப்ப நம்பர் வாங்கிட்டு நிக்க முடியுங்களா? கொண்டுபோய்ச் சேத்திட்டு வந்து கேட்டா, போன் வராத ட்ரிப்புக்கு நம்பர் போட முடியாதுங்கறாங்க. நானும் உட்டுட்டேன்."

இதை என் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரியாக எழுதிக்கொண்டேன். அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்த வரிகளைப் பார்த்தேன் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரே ஒருவர் சொன்னது, எழுத்தில் ஆதாரம் இல்லை, சொன்னவருக்கு அதில் சொந்த அக்கறை வேறு இருக்கிறது. வண்டியை மாற்றினால் அவர்தான் தினமும் அலைய வேண்டும். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட பேச்சை ஓரமாக வைக்கத்தான் பழகியிருக்கிறோம். வைத்துவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வண்டியின் மீட்டரையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பதிவில் இருக்கும் பயணங்களைக் கூட்டினால் வருகிற கிலோமீட்டரைவிட மீட்டரில் நிறைய அதிகமாக இருந்தது. வேறு ஊர்களில், நிறுவனத்து வண்டியைச் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பில் எழுதினேன்: "நாமகிரிப்பேட்டை வண்டியில் பதிவில் இல்லாத ஓட்டம் கணிசமாக உள்ளது. கண்காணிப்பு தேவை."

அவர் வாயால் சொன்ன இரண்டு வரியும், மீட்டர் காட்டிய அதிகப்படி ஓட்டமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அறக்கட்டளை உறுப்பினர்கள் கூட்டத்தில் வரைபடத்தைத் திரையில் காட்டினேன். சிவப்புப் புள்ளிகள் அப்பியிருந்த நெடுஞ்சாலையைப் பார்த்ததும் செயலாளர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். நாமகிரிப்பேட்டை வண்டியை நெடுஞ்சாலையில் புறவழிச்சாலைக்கு மாற்றலாம், மூன்று வண்டிகளிலும் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தலாம், எண் வாங்காமல் எந்த வண்டியும் நகரக்கூடாது. நான் சொன்ன மூன்றையும் அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள்.

கீழே இறங்கி வந்தபோது டிரைவர் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மணி, அந்தக் கிலோமீட்டர நான் திருடுனேன்னு எழுதிட்டீங்களா?"

"அப்படி எழுதலைண்ணா. பதிவு இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்."

"சரிங்க" என்றார். வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

அறிக்கை பலன் தந்தது. வண்டி போய்ச் சேரும் சராசரி நேரம் நன்றாகக் குறைந்தது. பெங்களூர்க்காரர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். அந்தச் சராசரியின் கோடு சரிந்து இறங்குகிற படத்தை நான் மூன்று கூட்டங்களில் காட்டியிருக்கிறேன். அதைப் பார்த்து எனக்கு வேறு இரண்டு வேலைகள் வந்தன.

அடுத்த தை மாதம், ஒரு பிற்பகலில் அந்த டிரைவர் போன் செய்தார். அவர் என்னை அழைத்ததே அதுதான் முதல் தடவை.

"அம்மணி, எனக்கு மெமோ குடுத்திருக்கறாங்க. அதுக்காகக் கூப்படலீங்க. ஒரு பொண்ணு எங்கையிலயே போயிருச்சு. நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகோணும்."

"என்னாச்சுண்ணா?" என்றேன்.

"வாங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஸ்கூட்டரிலேயே போனேன். நாமகிரிப்பேட்டையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். மலையடிவாரத்துக் குடியிருப்பில் இருந்த ஒரு பெண், இருபத்தைந்து வயதுகூட ஆகாதவள், கூலிக்கு மஞ்சள் காட்டுக்குப் போயிருக்கிறாள். மஞ்சளைத் தோண்டுவதற்கு முன்னால் செடியின் காய்ந்த தாளை அறுப்பார்கள். அந்தத் தாளுக்கு அடியில் விரியன் கிடந்திருக்கிறது. கணுக்காலில் ஏதோ குத்தியது, முள்ளாக இருக்கும் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அறுத்திருக்கிறாள். கால் வீங்க ஆரம்பித்த பிறகுதான் பயந்தார்கள். அரசு வண்டிக்குப் போன் செய்தால், அது வேறொரு நோயாளியோடு சேலம் போயிருந்தது. புருஷன் அவளை மொபெட்டில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மண்டிக்குப் பக்கத்துக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கொட்டகை பூட்டியிருந்தது. வண்டியை மாற்றி நாலைந்து மாதம் ஆகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அவன் வீட்டில் அதுவரை யாருக்கும் வண்டி தேவைப்படவில்லை.

பின் தெருவுக்கு ஓடியிருக்கிறான். டிரைவரின் மனைவி அவருக்குப் போன் செய்தார். அவர் புறவழிச்சாலையில் இருந்தார்.

"ஆபீசுக்குக் கூப்பிட்டனுங்க. இருங்க, மத்த வண்டி எது பக்கம்னு பாத்து நம்பர் தாரோம்னாங்க. நான் இருக்கலீங்க. கெளம்பிட்டேன்."

இவர் வருவதற்குள் அவர்கள் ஒரு சரக்கு ஆட்டோவில் அவளைப் படுக்கவைத்துக் கிளம்பியிருந்தார்கள். பாதி வழியில் இரண்டும் எதிரெதிரே வந்தன. ரோட்டில் நிறுத்தி அவளை இறக்கி ஆம்புலன்சில் ஏற்றினார். அவளுக்கு ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம்வரை பேசினாளாம்.

"கொழந்தைக்குச் சோறு ஊட்டோணும், நேரமாயிருச்சுன்னு அதையேதான் சொல்லிச்சுங்க. நானும் சாமி, கண்ண மூடாத சாமின்னு கத்திட்டே வந்தேன். அப்பறம் சத்தமில்ல."

இருப்பிடம் காட்டும் கருவி அவர் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததைப் பதிவு செய்திருந்தது. எண் இல்லாத ஓட்டம். மறுநாள் அலுவலகத்தில் மெமோ கொடுத்து, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விதி அப்படி. அந்த விதியை எழுதிய நான் எதிரே உட்கார்ந்து ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் போக மனமில்லை. மழுப்புவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று உண்மையாகவே யோசித்தேன். அவர் எழுந்து மொபெட்டைக் கிளப்பிவிட்டார். என் ஸ்கூட்டரில் அவர் பின்னாலேயே போனேன்.

சிமெண்ட் ஓடு போட்ட ஒற்றை அறை வீடு. வாசலில் ஒரு பந்தல், அதன் ஓலை இன்னும் பச்சையாக இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா உள்ளே குழந்தையை மடியில் வைத்திருந்தார். மூன்று வயதுப் பெண் குழந்தை. புருஷன் வெளியே வந்தான். மெலிந்த ஆள். டிரைவரைப் பார்த்ததும் கை கூப்பினான்.

"இவங்கதான்" என்றார் டிரைவர். அதற்கு மேல் சொல்லவில்லை. முன்னமே பேசியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

அவன் என்னைக் கேட்டான்: "நீங்கதானுங்களா வண்டிய அங்க கொண்டுபோய் நிறுத்தச் சொன்னது?"

"ஆமா. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

திட்டுவான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றிருந்தேன். அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"அங்க நின்னதுனால எத்தன பேருங்க பொழச்சாங்க?"



இப்போது எழுதும்போதும் அந்த இடத்தில் கை நிற்கிறது. அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான். தன் மனைவி எதற்காகப் போனாள், அந்த வண்டி அங்கே நின்று வேறு யாருக்காவது உதவியதா என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்று மாதம் ஆராய்ச்சி செய்து, மூன்று கூட்டங்களில் அந்தப் படத்தைக் காட்டியவளுக்கு, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று தெரியாது. வண்டி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது என்பது தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஆள் என்ன ஆனான் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

"தெரியலை. தெரிஞ்சுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"சரிங்க" என்றான். உள்ளே குழந்தை அழுதது. போய்விட்டான்.

சேலத்துக்கு வந்து பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு வரி என் கையெழுத்தில் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறிகூடப் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். "நீ வேணும்னு செய்யலியே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்கப் பிடிக்கவில்லை. எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

மறு வாரம் செயலாளரைப் பார்த்து, திரும்ப ஒருமுறை ஆராய வேண்டும், இதற்கு எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். அவர் மறுக்கவில்லை. டிரைவருக்கு வேலை இல்லாத நாட்கள் அவை. "நானும் வாரேனுங்க, எனக்குத்தான் ஊடு தெரியும்" என்று வந்தார்.

எனக்கு ரம்ஜான் நோன்பு மாதம் ஆரம்பித்திருந்தது. காலையில் சேலத்திலிருந்து கிளம்பி, மலையடிவாரத்து ஊர்களில் வீடு வீடாகப் போவேன். எங்கே பார்த்தாலும் மஞ்சள் வேகவைக்கிற ஆவி. மத்தியானம் டிரைவர் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கமாகப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டு வருவார். "பரவாயில்லைண்ணா, இங்கேயே சாப்பிடுங்க" என்று எத்தனை சொல்லியும் கேட்கமாட்டார்.

போன் செய்யாமல் நேராக வந்து அந்த வண்டியில் போனவர்கள் யார் யார் என்று கேட்டேன். பிரசவம், பனைமரத்திலிருந்து விழுந்தவர், மரவள்ளி ஆலையில் பெல்ட்டில் கை சிக்கிய பையன், மாரடைப்பு, பூச்சிமருந்து. பூச்சிமருந்து குடித்துப் பிழைத்த ஒரு அம்மா என் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல், டிரைவரைப் பார்த்து, "சாமி, மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் டிரைவருக்குத் தேதி தெரியாது. ஆனால் அன்றைக்கு மழை பெய்ததா, எந்த வழியாகப் போனார், எந்த இடத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது என்று எல்லாம் சொன்னார். நான் தூரத்தைக் கணக்கிட்டு எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால், மீட்டரில் அதிகமாக இருந்த ஓட்டம் அநேகமாக அத்தனையும் இதில் அடங்கிவிட்டது. கொஞ்சம் மட்டும் இடித்தது. நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்:

"அதுல ரெண்டு ட்ரிப்பு எம்பொண்ணு பிரசவத்துக்குங்க. அத மறைக்கமாட்டேன்."

"உங்க பொண்ணும் நோயாளிதானேண்ணா" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் தடவையே மீட்டர் ஏன் அதிகம் என்று அவரிடம் நேராகக் கேட்டிருந்தால், அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இன்னொரு பாதி வேலை நெடுஞ்சாலையில். வண்டி அங்கே மாறிய பிறகு அது ஏற்றிக்கொண்டு போனவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடினேன். சிலருக்குச் சின்னக் காயம், எந்த வண்டியில் போனாலும் பிழைத்திருப்பார்கள். சிலர் அடிபட்ட இடத்திலேயே இறந்தவர்கள். மிச்சம் இருந்தவர்களைப் பற்றி, விவரம் தெரிந்த ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் நீண்ட நேரம் தாள்களைப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு பேர் அந்த வண்டி அங்க நின்னதாலதான் இருக்காங்க. மூணாவது ஆளைப் பத்தி என்னால உறுதியா சொல்ல முடியாது" என்றார். அந்த இரண்டு பேரில் ஒருவரைச் சங்ககிரியில் போய்ப் பார்த்தேன். லாரியில் கிளீனராக இருந்தவர். ஒரு கால் இல்லை. பெட்டிக்கடை வைத்திருந்தார். வந்த காரணத்தைச் சொன்னதும் எனக்குச் சோடா உடைத்துக் கொடுக்க வந்தார். நோன்பு என்று சொன்னேன்.

ஆக, வண்டியை மாற்றியது முழுக்கத் தப்பு என்றும் என்னால் எழுத முடியவில்லை. அப்படி எழுத முடிந்திருந்தால் ஒருவிதத்தில் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாவது அறிக்கையைக் கூட்டத்தில் படித்தேன். படம் எதுவும் காட்டவில்லை. "பதிவில் இல்லாத ஓட்டம்" என்று முன்பு எழுதிய வரி தவறு, அது நோயாளிகளை ஏற்றிச் சென்ற ஓட்டம், அதை அந்த டிரைவர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார், நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று வாய்விட்டுப் படித்தேன். கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"உங்க மேல மட்டும் போட்டுக்காதீங்க அம்மணி. எந்தம்பி ரோட்டுல செத்தான். அந்தப் படத்துல ரோட்ட முழுக்கச் சிகப்பாப் பாத்ததுமே எனக்கு வேற எதுவும் கண்ணுக்குத் தெரியலீங்க. கரட்டோரத்துல எத்தன ஊருன்னு எனக்குத் தெரியாதா? அங்கதான் எங்க காடே இருக்குது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்தேன்.

வண்டியை உடனே திருப்பிக் கொண்டுபோக முடியவில்லை. பெங்களூர் ஒப்பந்தத்தில் சராசரி நேரம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த அளவைச் சொன்னதும் நான்தான். வருடம் முடியும்வரை காத்திருந்து, உள்ளூரில் எல்லோரும் சேர்ந்து நாலாவதாக ஒரு வண்டி வாங்கி, மண்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தினார்கள். நேராக வருகிறவர்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விதியும் மாறியது. அந்த வண்டிக்கு வேறு டிரைவர். பழையவருக்கு மெமோவை ரத்து செய்து கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. முதுகுவலியோடு மறுபடியும் ரிக் வண்டிக்கே போய்விட்டார். திருத்திய பக்கத்தைப் படம் எடுத்து அவர் போனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். பின்னால் துளை போடுகிற இரைச்சல்.

"பாத்தனுங்க அம்மணி. ஊட்டுல பொண்ணுக்கு அனுப்பி, எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டச் சொன்னேன்."

"திரும்பி வந்துடலாமேண்ணா? இடம் இருக்குன்னு செயலாளர் சொல்றாரு."

"வேண்டாமுங்க. அந்த ரோட்டுல அந்த எடத்தத் தாண்டறப்பல்லாம் அந்தப் பொண்ணு குரலு கேக்குது. இங்க அது இல்லீங்க." பிறகு, "நல்லா இருங்க" என்று வைத்துவிட்டார்.

அந்தப் புருஷனிடம் பதில் சொல்லப் போனபோது வீட்டில் அவன் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தான். குழந்தை மாமியாரிடம் இருந்தது. அவன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். யார் என்று சொன்னதும் அவனுக்கு நினைவு வந்துவிட்டது.

"நீங்க கேட்டீங்களே. விசாரிச்சேன். ரெண்டு பேர். அந்த வண்டி அங்க நின்னதால ரெண்டு பேர் பொழச்சிருக்காங்க. மூணாவதா ஒருத்தர், அது சரியாத் தெரியலை."



"ரெண்டு பேருங்களா" என்றான். "சரிங்க."

"வேற வண்டி வாங்கறாங்க. மறுபடியும் மண்டிக்கிட்ட நிக்கும்."

"மாமியா சொன்னாங்க."

மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். அது வாய்க்கு வரவில்லை. அவனே பேசினான்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா? கொழந்தைய வர வருசம் பள்ளிக்கூடத்துல சேக்கோணும். பொறந்த சர்டிபிகேட்டுல அவங்கம்மா பேர ஒரு எழுத்து தப்பா போட்டிருக்கறாங்க. எறந்த சர்டிபிகேட்டுல சரியா இருக்குது. ரெண்டும் வேற வேற ஆளுன்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருக்குதுங்க. நீங்க படிச்சவங்க, அத எங்க போய் மாத்தறதுன்னு சொல்லுவீங்களா?"

"நீங்க லீவு போட்டு வர வேண்டாம். உங்க மாமியார்கிட்ட காகிதத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அதற்குப் பிறப்பு-இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு நாலு தடவை அலைய வேண்டியிருந்தது. குழந்தையின் பாட்டியைக் கையெழுத்துக்குக் கூட்டிக்கொண்டு இரண்டு முறை. இறந்த பெண்ணின் பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள். ஐந்தாவது வரை படித்திருந்தாள், அந்தப் பள்ளிக்கூடத்திலும் போய் நின்றேன். கடைசி நாளில் அலுவலகத்து அம்மா புதிய தாளை நீட்டி, "எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு ஒருதடவை பாத்துக்குங்க" என்றார். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. தாய் என்ற இடத்தில் இருந்த அவள் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று சொன்னேன். குழந்தை பாட்டியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் பஸ் ஏற வெளியே வந்தோம்.